நிறுத்து அனுப்பு

சுரங்க முகாம்,
மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலமே. என் வலது முழங்கால் மட்டும் ஏணிப்படிகளோடு ஒத்துப்போக மறுக்கிறது. உன் வயிற்றெரிச்சல் குறைந்ததா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மருத்துவரைப் பார்த்தாயா?

இந்தக் குன்றுகளுக்கிடையே தொலைபேசி எடுபடாது என்பதற்காக மட்டும் நான் எழுதவில்லை. வாயால் சொன்னதைப் பிற்பாடு அவரவர் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம்; எழுதியதை மாற்ற முடியாது. ஆகவே லாரி ஓட்டுநரிடம் எதையும் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பாதே. நீ சென்ற வாரம் எழுதிய இரண்டு பக்கங்களில் பாதி வாக்கியங்களுக்கு முற்றுப்புள்ளி இல்லை, கடைசி வரிக்கு இல்லவே இல்லை. இருப்பவையும் கொசு அடித்த தடமோ என்று ஐயமாக இருக்கிறது. என்னை ‘நீங்கள்’ என்று அழைக்க உன்னைப் பழக்குவதற்கு அம்மா பட்ட பாடு வீணானது போலவே, முற்றுப்புள்ளி வைக்க உன்னைப் பழக்க நான் பட்ட பாடும் வீணாயிற்று.

நல்ல செய்தி: பழைய சுரங்கத்தில் தேங்கியிருந்த நீர் முழுவதும் இறைக்கப்பட்டுவிட்டது. நேற்று இரண்டாம் தளத்துக்குள் இறங்கினோம். நமக்கு முன்பு இங்கே வேலை செய்துவிட்டுக் கைவிட்டுப் போனவர்கள், கூரையைத் தாங்குவதற்காக ஐந்து தூண்களை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். ஐந்துமே நாம் வெட்டி விற்கும் அதே தாது, கலப்பில்லாத புளோர்ஸ்பார். விளக்கை அருகில் கொண்டுபோனால் ஊதா நிறம் உள்ளேயிருந்து எரிவது போலிருக்கிறது. நம் ஆட்கள் ‘ஊதாக்கல்’ என்று பெயர் வைத்தது பொருத்தம்தான்.

படித்தவுடன் உனக்கு ஆசை வரும் என்று தெரிந்தே அடுத்த வரியை எழுதுகிறேன். அந்தத் தூண்களைத் தொட முடியாது. இந்தக் கல் நான்கு திசைகளில் பிளவுபடும் இயல்புடையது. சுத்தியலால் லேசாகத் தட்டினாலே வழவழப்பான துண்டுகளாகப் பிரிந்துவிடும். அப்படிப்பட்ட கல்தான் அங்கே மலையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறது. தூண்களின் விரிசல்களுக்குக் குறுக்கே கண்ணாடிச் சில்லுகளைச் சிமெண்டால் ஒட்டி வைத்திருக்கிறேன். பாறை மயிரிழை அசைந்தாலும் சில்லு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் அன்பு.

உன் அண்ணன்

—

நகர அலுவலகம்,
மார்ச் 19

அண்ணா,

எல்லாரும் நல்லா இருக்கோம் வயிறுதான் பழையபடி, எனக்குள்ளயே ஒரு அமில ஆலை ஓடுது, நம்ம கல்லை அங்கயே வித்துடலாம் போல. அண்ணிக்கு என் வணக்கம், முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

பெரிய சேதி. நிஜமான அமில ஆலைக்காரங்க நம்ம கல்லைப் பார்க்கச் சம்மதிச்சுட்டாங்க. இத்தனை வருஷமா கப்பல்லதான் வாங்கறாங்க, உள்நாட்டுல ஒருத்தன் கொடுத்தா வாங்கிக்கறோம்னு சொல்றாங்க. ஆனா தொண்ணூத்தேழு சதவீதம் சுத்தம் இருக்கணும், அதுக்குக் கீழ ஒரு புள்ளி இறங்கினாலும் அவங்களுக்கு அது வெறும் கூழாங்கல். ஜூன் முடியறதுக்குள்ள ஒரு லாரி சோதனைச் சரக்கு போகணும். பணம் போட்ட நம்ம பங்குதாரர் சந்தோஷத்துல என் முதுகுல தட்டின தட்டு இன்னும் வலிக்குது.

சாம்பிளுக்குப் பத்து மூட்டை எடை போட்டு அனுப்பு. தூணைப் பத்தி நீ எழுதினதை நாலு தடவை படிச்சேன், ஒண்ணும் கேக்கலை, படிச்சேன்னு மட்டும் சொல்றேன்

தம்பி

—

சுரங்க முகாம்,
ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு அனைவரும் நலம். ஒத்தடத்தால் முழங்கால் சற்று இறங்கிவந்திருக்கிறது. உன் வயிற்றுக்கு மருத்துவரைப் பார்த்தாயா என்பதற்கு நீ பதில் எழுதவில்லை.

நீ கேட்ட மூட்டைகளை அனுப்பியிருக்கிறேன். முடிவை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் தளத்தின் புதிய தாது நாளத்தில் வெட்டிய கல்லை நம் சிறிய ஆலையில் அரைத்து, நுரையில் மிதக்கவிட்டுப் பிரித்துப் பார்த்தோம். தொண்ணூற்று மூன்றுக்கு மேல் ஏறவில்லை. படிகக்கல் பொடியாகக் கலந்து கிடக்கிறது. அதை விரட்ட இன்னொரு அரைவையும் இன்னும் சில தொட்டிகளும் தேவை. ஜூனுக்குள் அது நடக்காது. இரும்பு வார்ப்படக்காரர்களுக்கு எண்பத்தைந்தே போதும். அவர்களை ஏன் நாம் அணுகக் கூடாது?

தூண் கல்லைப் பற்றி நீ கேட்கவில்லை. ஆனால் இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். கூரையைக் கடப்பாரையால் தட்டி ஓசை பார்க்கும் நம் மேஸ்திரியை ‘காது’ என்றுதான் ஆட்கள் கூப்பிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். அவர் மூன்றாம் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஆட்கள் அத்தனை பேரையும் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “சார், இது கணீர்னு பாடுது. எங்க அப்பா பொறக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்து நிக்குது. இதை எடுத்துட்டு ரெண்டு மரத்தை முட்டுக் கொடுத்தா, மலைக்குத் தெரியவே தெரியாது.”

“தெரிஞ்சா?” என்று கேட்டேன்.

“தெரிஞ்சா நாம இருக்க மாட்டோம், அப்புறம் என்ன கவலை?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும், வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சுரங்கம் மூடினால் அவர்களுக்கு இந்தக் குன்றில் வேறு வேலை கிடையாது. ஆனால் மூன்றாம் தூணின் அடியில் காலையில் பெருக்கிவிட்ட இடத்தில் மாலையில் ஊதாத் துணுக்குகள் கிடக்கின்றன. அது பாடுகிறதா, பல்லைக் கடிக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

குழந்தைகளின் தேர்வு முடிந்ததா? எழுது.

உன் அண்ணன்

—

நகர அலுவலகம்,
மே 2

அண்ணா,

நலம். எல்லாரும் நலம். தேர்வு முடிஞ்சுது.

வார்ப்படக்காரங்களைப் பத்திப் பங்குதாரர்கிட்ட சொன்னேன். அவர் வைரம் விக்கப் போன இடத்துல வளையல் விக்கச் சொல்றியான்னு கேட்டார். அமில ஆலை இல்லேன்னா அவர் இல்லை, அவர் இல்லேன்னா நாம இல்லை, இதுல ஒளிக்க ஒண்ணும் இல்லை. அஞ்சு தூண்ல ஒரே ஒரு தூண். காதே சொல்றார் பாடுதுன்னு. அம்பது வயசுல நீ ஒரு தடவையாவது ஒரு கோட்டைத் தாண்டிப் பார்க்கக் கூடாதா. வேண்டாம் இதை நான் எழுதலை, அடிச்சுடறேன்னு நினைச்சேன், பேனா அடிக்க மாட்டேங்குது.

சாம்பிள் மூட்டை வந்துது. அடுத்த தடவை சாக்கை நல்லா தைச்சு எடை போட்டு அனுப்பு, பாதி வழியிலேயே சிந்திடுச்சு

தம்பி

—

சுரங்க முகாம்,
மே 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் அண்ணி நலம். நானும் நலம் என்றே எழுதிக்கொள்கிறேன். இம்முறையும் மருத்துவரைப் பற்றி நீ எழுதவில்லை.

திங்கட்கிழமை காலை மூன்றாம் தூணின் கண்ணாடிச் சில்லு உடைந்திருக்கக் கண்டேன். நடுவில், நேர்க்கோடாக. முதல் தளத்தில் வைத்த வெடியின் அதிர்வில் உடைந்திருக்கும் என்கிறார் காது. இருக்கலாம். ஆனால் அதே அதிர்வில் மற்ற நான்கும் உடையவில்லை.

சட்டப்படி நான் இந்தச் சுரங்கத்தின் பொறுப்பு மேலாளன். என் கருத்துக்கு எதிராக, உரிமையாளனான நீ ஓர் உத்தரவு இடுவதானால் அது எழுத்தில் இருக்க வேண்டும். அதைப் பெற்றதும் நான் நிறைவேற்றலாம், அல்லது விலகலாம். விலகினால் வேறொரு மேலாளர் வருவார். அவர் தூணை எடுப்பார். கீழே நிற்கப் போகிறவர்கள் இதே ஆட்கள்தாம். ஆகவே விலகுவதும் எனக்கு வழியாகத் தெரியவில்லை.

மூன்றாம் தூணை எடுக்க வேண்டுமா, நிறுத்த வேண்டுமா? இரண்டில் ஒன்றை உன் கையெழுத்தில் எழுது. தெளிவாக எழுது. ஒரு வரி போதும்.

உன் அண்ணன்

—

ஜூன் 6

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. அக்காவும் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தைகள் நலம்.

உங்கள் கடிதத்துக்குப் பதில் வரவில்லையே என்று நினைப்பீர்கள். அலுவலகத்தைக் காலி செய்து வீட்டுக் கூடத்துக்கே மாற்றியாகிவிட்டது. பங்குதாரர் காலையில் வந்து உட்கார்ந்தால் விளக்கு வைத்த பிறகுதான் எழுந்திருக்கிறார். உங்கள் கடிதத்தையும் அவர்தான் பிரித்தார். இங்கிருந்து போகிற கடிதத்தையும் படித்துவிட்டுத்தான் உறையில் போடுகிறார். இதை நான் கடைத்தெருவில் நின்று எழுதி அனுப்புகிறேன்.

இவர் எழுதுகிறார், கிழிக்கிறார். பங்குதாரர் பக்கத்தில் உட்கார்ந்து “ஒரு வரிதானே கேட்டிருக்கார், எழுதுங்களேன்” என்கிறார். மோரைத் தவிர இவர் வயிற்றில் எதுவும் தங்குவதில்லை. மருத்துவரிடம் போகச் சொன்னால், அண்ணன் கேட்டால் போய்விட்டேன் என்று எழுது என்கிறார். நான் அப்படி எழுதவில்லை.

ஒன்று மட்டும் வேடிக்கை. நேற்றுச் சாப்பிடும்போது திடீரென்று சிரித்தார். சின்ன வயதில் அத்தை இவர் கையில் ஒரு சீட்டைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பினார்களாமே, ‘சர்க்கரை நிறுத்து அனுப்பவும்’ என்று எழுதி? கடைக்காரர் சர்க்கரையை நிறுத்திவிட்டு இவரை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டாராம். எடை போடுவதற்கும் நிறுத்து, தடுப்பதற்கும் நிறுத்தா என்று நீங்கள் ஒரு வாரம் வீட்டில் வகுப்பெடுத்தீர்களாம். குழந்தைகளுக்குச் சொல்லி அப்படிச் சிரித்தார். பங்குதாரருக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை நாள் கழித்து அந்தக் கதை ஏன் நினைவுக்கு வந்ததோ தெரியவில்லை.

அக்காவுக்கு என் அன்பு.

—

ஜூன் 9

அண்ணா,

நலம் நலமறிய ஆவல்.

மூணாம் தூண் கல்லை நிறுத்து அனுப்பு லாரி வருது

தம்பி

—

சுரங்க முகாம்,
ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் 9ஆம் தேதியிட்ட எழுத்துமூல உத்தரவு கிடைத்தது. அதை நிறைவேற்றிய விவரத்தை, இதைப் படிக்கும் எவருக்கும் விளங்கும்படி எழுதுகிறேன்.

‘மூணாம் தூண் கல்லை நிறுத்து’ என்ற ஆணைப்படி மூன்றாம் தூண் கல் தொடர்பான எல்லா வேலையையும் நிறுத்திவிட்டேன். இரண்டாம் தளத்தின் வாயிலைக் கல்லும் சிமெண்டும் வைத்து அடைத்து, ஒருவர் பார்க்கும் அளவுக்கு மட்டும் ஒரு துளை விட்டிருக்கிறேன். ‘அனுப்பு, லாரி வருது’ என்ற ஆணைப்படி, வந்த லாரியில் கையிருப்பில் இருந்த தொண்ணூற்று மூன்று சதவீதச் சரக்கை ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

இவ்வாக்கியத்துக்கு வேறு பொருள் கொள்ள இடமுண்டா என்று ஆராய்ந்தேன். ‘நிறுத்து’ என்பதை எடையிட்டு என்னும் எச்சமாகவும் கொள்ளலாம். அடுத்த சொல் வல்லெழுத்தில் தொடங்கியிருந்தால் ஒற்று மிகுந்து உண்மையைக் காட்டியிருக்கும். ‘அனுப்பு’ உயிரெழுத்தில் தொடங்குவதால் உதவவில்லை. ஒரு முற்றுப்புள்ளி இருந்தாலும் விளங்கியிருக்கும். நீ என்னை ‘நீங்கள்’ என்று எழுதுகிறவனாக இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழாது. நிறுத்துங்கள் என்றால் நிறுத்துங்கள்தான். இவை எதுவும் இல்லாத நிலையில், இரு பொருள் தரும் ஆணையில் உயிருக்குப் பாதுகாப்பான பொருளைக் கொள்வது மேலாளனின் கடமை. கொண்டேன்.

மருத்துவரைப் பார்.

உன் அண்ணன்

—

ஜூன் 20

அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் செயல் நிறுவனத்துக்குப் பேரிழப்பை ஏற்படுத்தியுள்ளது. அமில ஆலையினர் சரக்கை வாயிலிலேயே திருப்பிவிட்டனர். என் உத்தரவின் பொருள் என்ன என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நீங்கள் வேண்டுமென்றே இவ்வாறு செய்துள்ளீர்கள். இதற்கு நீங்களே முழுப் பொறுப்பு.

இப்படிக்கு,
தங்கள் தம்பி

—

சுரங்க முகாம்,
செப்டம்பர் 11

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. உன் ஜூன் மாதக் கடிதத்துக்கு நான் உடனே பதில் எழுதவில்லை. அதில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளி இருந்தது, ‘நீங்கள்’ இருந்தது. அது உன் கையெழுத்து. உன் குரலா என்று எனக்குத் தெரியவில்லை. பங்குதாரர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினாய் என்று ஒரு நாள் நினைப்பேன். உள்ளபடியே என்மேல் கொதித்துப்போய் எழுதினாய் என்று மறுநாள் நினைப்பேன். பங்குதாரர் விலகிவிட்டார் என்று லாரி ஓட்டுநர் சொன்னார். வாய்மொழிச் செய்தியை நம்பக் கூடாது என்று உனக்குச் சொன்னவன், அதைத்தான் மூன்று மாதமாக நம்பிக்கொண்டிருக்கிறேன்.

ஆட்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். காதும் போய்விட்டார். விடைபெறும்போது கைகுலுக்கவில்லை. “உங்க தூண் நல்லா இருக்கட்டும் சார், எங்க அடுப்புதான் அணைஞ்சு போச்சு” என்றார்.

தூண் நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் என் தொல்லை. அடைப்பதற்கு முன்பு உடைந்த இடத்தில் புதுச் சில்லு ஒட்டியிருந்தேன். தினமும் துளை வழியே விளக்கடித்துப் பார்க்கிறேன். உடையவில்லை. கூரை இறங்கவில்லை. விழுந்திருந்தால் நான் செய்தது சரி என்று ஆகியிருக்கும். அது விழ வேண்டும் என்று மனத்துக்குள் விரும்புகிறேனோ என்று ஒருநாள் எனக்கே அருவருப்பாக இருந்தது. நான் காப்பாற்றியது ஆட்களையா, வெறும் விதியையா என்பதைப் பாறை சொல்ல மறுக்கிறது.

உன்னை ஒன்று கேட்க வேண்டும். எடைக்கு ‘நிறுத்து’ என்று நீ என்றைக்கும் எழுதியதில்லை. மார்ச்சில் ‘எடை போட்டு அனுப்பு’ என்று எழுதினாய். மே மாதமும் அப்படித்தான். ஜூனில் மட்டும் ஏன் அம்மாவின் சொல்லை எடுத்தாய்? அந்த வரியை எழுதும்போது எந்தப் பொருளை நினைத்தாய்? நான் புரிந்துகொள்வேன் என்று நம்பி எழுதினாயா, அல்லது உன் வாயிலிருந்த சோற்றை நான் ஒரு சொல்லை வைத்துத் தட்டிவிட்டேனா? எதுவானாலும் எழுது. தாங்கிக்கொள்வேன்.

உன் வயிறு எப்படி இருக்கிறது?

உன் அண்ணன்

—

அக்டோபர் 4

அண்ணா,

நீயும் அண்ணியும் சுகமா. இங்க எல்லாரும் சுகம், நிஜமாவே டாக்டரைப் பார்த்தேன், வயித்துல புண்ணாம், காரத்தையும் கவலையையும் நிறுத்தச் சொல்றார், காரத்தை நிறுத்திட்டேன். கூடத்துல நாற்காலி காலியா இருக்கு, இப்போ உன் கடிதத்தை நானே பிரிக்கறேன்.

எதுவும் நல்லா இல்லை அண்ணா, பொய் சொல்ல மாட்டேன். பிள்ளைங்களைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாத்திட்டோம். இவ ஒரு தையல் கடையில கணக்குப் பார்க்கப் போறா. பங்குதாரர் தெருவுல பார்த்தா வேற பக்கம் திரும்பிக்கறார். தினம் ரெண்டு வார்ப்படப் பட்டறை ஏறி இறங்கறேன். வைரம் விக்கப் போனவனுக்கு வளையல் விக்கற வாய் இன்னும் வரலை, ஆனா ஒருத்தர் சரின்னுட்டார். சின்னப் பட்டறைதான். உள்நாட்டுக் கல்லுதானே, கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம், எண்பத்தஞ்சு போதும், கொண்டுவான்னுட்டார். காது எங்க இருக்கார்னு விசாரிச்சு வரச் சொல்லு, முதல் தளத்துல வேலை இருக்கும்.

தூண் நிக்குதுன்னு எழுதியிருந்தே. நிக்கட்டும். தினமும் போய்ப் பார்க்காதே, முழங்காலுக்கு ஆகாது.

நீ கேட்டதைப் படிச்சேன். ரெண்டு மூணு தடவை படிச்சேன்.

பட்டறைக்கு முதல் லோடு வர்ற வாரம் போகணும். முதல் தளத்துக் கல்லை எடை போட்டு அனுப்பு.

முற்றுப்புள்ளி வெச்சிருக்கேன் பார், கொசு இல்லை.

தம்பி